காத்து தள்ளாது, தூக்கும்

போன சனிக்கிழமை காலை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். இன்ஷூரன்ஸ் இன்ஜினியர் கூரையைப் பார்க்க வருகிறார்.

என் வீடா? இல்லை. மஸ்கட்டில் சொந்த வீட்டுக்கு எங்கே போவேன்... ஓமானிக்காரர் ஒருவருடைய வீடு. கீழே அவர் குடும்பம், மேலே நாங்கள். அதற்கும் மேலே ஷீட் போட்ட ஒரு ஹால். போன வருஷப் புயலில் அதன் கூரை மொத்தமாகப் பறந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் விழுந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. கையோடு பிரீமியத்தையும் தாறுமாறாக ஏற்றியது. புதுக் கூரை காற்றைத் தாங்கும் என்று தங்கள் இன்ஜினியர் எழுதிக் கொடுத்தால் குறைக்கிறோம் என்றது.

குறையாவிட்டால் வாடகையை ஏற்றுவதைத் தவிர வழியில்லை என்று வீட்டுக்காரர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் வாடகை ஏறினால் நாங்கள் ஏரியாவையே மாற்ற வேண்டும். மகளின் ஸ்கூல், மனைவியின் வேலை... எல்லாமே இந்தத் தெருவைச் சுற்றித்தான்.

கூரையை மறுபடி போட்டவர் தங்கராசு. அரியலூர்க்காரர், ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். மூன்று நாள் வேலையை ஆறு நாள் செய்தார். இத்தனை ஸ்க்ரூ எதற்கு, சீக்கிரம் முடி, கலாஸ் பண்ணு என்று வீட்டுக்காரர் தினமும் சத்தம் போடுவார். தங்கராசு தலையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருப்பார்.

இன்ஜினியர் வந்தார். ஃபர்ஹானா, நாகூர்ப் பெண். விறுவிறுவென்று ஏணியில் ஏறினார். அரை மணி நேரம் கூரையை அங்குலம் அங்குலமாகத் தடவினார். பிறகு கீழே நின்ற தங்கராசுவைக் கூப்பிட்டார்.

“ஏண்ணே, நடுவுல ஸ்க்ரூவைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கீங்க. ஓரத்துல, மூலையில மட்டும் இவ்வளவு நெருக்கமா ஏன்?”

“காத்து தள்ளாதும்மா, தூக்கும். மூலையிலதான் முதல்ல பிடிக்கும்.”

அவருக்கு எப்படித் தெரியும்? புயலன்று தங்கராசு ஷீட் கூரை போட்ட லேபர் கேம்ப்பில் இருந்திருக்கிறார். தலைக்கு மேலேயே மூலை ஷீட் கிளம்பியது. அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது, அதற்கடுத்தது... ரூமில் இருந்த எல்லோரும் ஓடிப்போய் கான்கிரீட் பாத்ரூமில் ஒண்டிக்கொண்டார்கள். காலையில் மற்றவர்கள் நனைந்த பெட்டிகளைத் தேட, இவர் கிழிந்த ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். ஸ்க்ரூக்கள் இரும்புச் சட்டத்தில் அப்படியே இருந்தன. ஷீட்தான் ஓட்டையைச் சுற்றிக் கிழிந்திருந்தது. அதனால்தான் இங்கே ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அகலமான வாஷர். சட்டத்தையும் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருந்தார்.

ஃபர்ஹானா ஒரு வாஷரை விரலால் தட்டிப் பார்த்தார். “இதை நான் காலேஜ்ல ரெண்டு செமஸ்டர் படிச்சேண்ணே,” என்றார்.

புதன்கிழமை தகவல் வந்தது. புயலுக்கு முன்பு கட்டியதைவிடவும் குறைவான பிரீமியம்! வீட்டுக்காரர் ஒரு டப்பா அல்வாவோடு மாடியேறி வந்து, தங்கராசு எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்டார். அவர் கையிலேயே கொடுக்க வேண்டுமாம்.

வாடகை ஏறவில்லை. நிம்மதி. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

கல்ஃபில் ஒரு தொழிலாளியின் பெயர் எப்போது காகிதத்தில் ஏறும், சொல்லுங்கள். விபத்து நடந்தால் ஏறும். ஃபைன் போட்டால் ஏறும். வேலை நன்றாக இருந்தால்? கம்பெனி பெயர்தான் ஏறும். அன்று மாடியில் ஃபர்ஹானா எழுதிய ரிப்போர்ட்டிலும் ‘வேலை செய்தவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒர்க்‌ஷாப் பெயரை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கராசுவிடம் பெயர் கேட்டார்.

தங்கராசு கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். எழுதப்போவது என்னவோ ஃபர்ஹானாதான்.

“எம். தங்கராசுன்னு போடுங்கம்மா. இனிஷியலை விட்டுடாதீங்க. அது எங்கப்பா பேரு.”

அந்தக் கூரைக்குக் கீழே குடியிருக்கிறவன் என்ற முறையில், எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.