சம்பந்தத்துக்கு வைத்திருந்த கொடுவா

காலை ஐந்து நாற்பது. எண்ணூர் முகத்துவாரத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு தொப்பி. காதையும் பிடரியையும் மறைத்துத் துணி தொங்கும், பாலைவனத்துக்கென்று தைத்த தொப்பி. அதற்குப் பின்னால்தான் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன.

தொப்பிக்காரர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். அழைத்து வந்தவர் என்னோடு பத்திரிகையில் வேலை பார்த்த நண்பர். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நகரவாசிகளைத் தூண்டில் போட அழைத்துப்போவது அவர் தொழில். 'அலையாத்தி நிழலில் ஒரு மீன்வேட்டை' என்பது விளம்பரம். அதன் படத்தில் இருந்த தென்னைகள் கேரளத்தைச் சேர்ந்தவை. நான் திருவொற்றியூர்க்காரன் என்பதால் 'உள்ளூர் வழிகாட்டி' என்று அறிமுகப்படுத்தினார். எனக்கு வழி தெரியாது. படகோட்டிக்குத் தெரியும்.

படகோட்டி நெட்டுக்குப்பத்துக்காரர். அன்று மதியம் அவர் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வருகிறார்கள். அப்படி வருபவர்களுக்குச் சொந்தப் படகில் வந்த மீனைத்தான் குழம்பு வைப்பார்கள். வாங்கிய மீன் என்று தெரிந்தால் பேச்சு வரும்.

"இன்னைக்குப் போய் ஏன் சவாரி ஒத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா வலைல சேறுதான் சார் வந்துகினு கீது. போன வாரம் இவுரு இட்டாந்த பார்ட்டி நல்லா மீனு புட்ச்சிது. காரு நாறும்னு அல்லாத்தையும் என்கிட்டயே குட்த்துட்டுப் போய்ட்ச்சி."

ஓரிடத்தில் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது.

"வெந்நீர் ஊற்றா?" என்றார் தொப்பிக்காரர், கேமராவை எடுத்தபடி.

"கரண்டு எடுக்கற எடத்துலேர்ந்து வுட்ற தண்ணி சார். கைய கிய்ய வெச்சிடாத."

"இது தொழில் சுற்றுலா," என்றார் நண்பர். யாரும் சிரிக்கவில்லை. அவர் மறுபடி சொல்லவில்லை.

வெயில் ஏறியபோது தூண்டில் வளைந்தது. தொப்பிக்காரர் "அண்ணா! அண்ணா!" என்று அலறினார். படகோட்டிதான் கைவலையை நீட்டி மீனை உள்ளே எடுத்தார். நல்ல கொடுவா. குழம்புக்கும் வரும், வறுக்கவும் மிஞ்சும். அவர் அப்போதே வீட்டுக்குப் போன் போட்டார்.

"தே, புளிய ஊற வையி."

அடுத்தது படம் எடுக்கும் சடங்கு. மீனோடு இடப்பக்கம், வலப்பக்கம், தொப்பியோடு, தொப்பியில்லாமல். புகைபோக்கி விழாத கோணத்தைத் தேடி நண்பர் படகில் மண்டியிட்டார், குந்தினார், கடைசியில் படுத்தார். எல்லாம் முடிந்ததும் தொப்பிக்காரர் கொடுவாயின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தார். பிறகு அதைத் தண்ணீரில் விட்டார்.

"யோவ்!" என்ற படகோட்டி, சுதாரித்துக்கொண்டு, "வுட்றதுக்கு இன்னாத்துக்கு சார் புட்ச்ச?" என்றார்.

"அதுதான் ஸ்போர்ட். பாவம், அதுக்கும் உயிர் இருக்குல்ல."

"எங்கூட்ல அடுப்பு எரியுது சார்!"

பிடித்ததை விட்டுவிடுவது இந்த வாடிக்கையாளரின் கொள்கை என்றும், சொல்ல மறந்துவிட்டதாகவும் நண்பர் விளக்கினார். தொப்பிக்காரர் கை கழுவிக்கொண்டே அவரிடம் கேட்டார்: "பேக்கேஜ்ல வஞ்சிரம் வறுவலோட லஞ்ச் உண்டுதானே?"

"உண்டு சார்."

அதன் பிறகு தூண்டிலில் மாட்டியது ஒரு பழைய செருப்பு. அதையும் விட்டுவிடலாமா என்று படகோட்டி மரியாதையாகக் கேட்டார்.

கரையில் இறங்கியதும் நண்பருக்குக் குற்ற உணர்ச்சி. காசிமேட்டில் நல்ல மீனாக வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"வேணாம் சார். வாங்குன மீன வெச்சா, சொந்தமா போட்ட வெச்சிக்கினு இன்னாத்த கியிக்கறான்னு கேப்பாங்கோ. கோயி வெச்சா, செலவு பண்ணிகீறான்னு நெனப்பாங்கோ."

என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக வந்தார்கள். கேட்பதற்கு முன்பே படகோட்டி, "மீனு தெனம் துன்றதுதானே" என்றார்.

பிராய்லர் கோழிக் குழம்பு. ஊற வைத்த புளியில் ரசம் வைத்திருந்தார்கள்.