கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

விவசாயிகளுக்குத் தொலைபேசியில் யோசனை சொல்லும் தனியார் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில்தான் ஆபீஸ். ஆறு பெண்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்போம். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு, தியாகதுருகம் பக்கம் நெல், கல்வராயன் மலையிலிருந்து சாமையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும். கூப்பிடுகிறவர்களின் பெயரையோ ஊரையோ நாங்கள் கேட்பதில்லை. குரலையும் பயிரையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் வைத்திருப்போம்.

எனக்குப் பொறுமை கம்மி. ஒரு அழைப்பை மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். இவர்களோ எடுத்தவுடனே "சாப்ட்டியாம்மா?" என்பார்கள். காலை பதினோரு மணிக்கும் கேட்பார்கள், சாயங்காலம் நாலு மணிக்கும் கேட்பார்கள். நான் சாப்பிட்டால் என்ன, பட்டினி கிடந்தால் இவர்களுக்கென்ன என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மலைக்காரர் ஒருவர் இதில் எல்லோரையும் மிஞ்சினவர். கேட்டுவிட்டு நிறுத்திவிடுவார். பதில் வரும்வரை அடுத்த பேச்சுக் கிடையாது. ஒருநாள் வேண்டுமென்றே, "உங்க பிரச்சினையைச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்கய்யா, லைன்லதானே இருக்கீங்க?"

"நீ மொதல்ல சொல்லும்மா. சாப்ட்டியா இல்லியா?"

"சாப்ட்டங்க. நீங்க?"

"ஆச்சும்மா, களி. சரி, இப்ப கொல்லைக்கு வருவோம்."

பதில் சொல்லாத ஆளிடம் கொல்லையை, அதாவது காட்டுப் பயிரைப் பற்றிப் பேசுவது அவருக்கு மரியாதைக் குறைவு. நான்தான் வழிக்கு வந்தேன். பிறகு என் அம்மா இறந்துபோனார். வாடகை வீட்டில் நான் மட்டும். சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. அந்த மலைக்காரர் கேட்டபோது எனக்கு எரிச்சல் வரவில்லை என்பதைச் சில மாதம் கழித்துத்தான் கவனித்தேன். வெறும் டீயோடு உட்கார்ந்திருந்த நாட்களிலும் அவரிடம் "சாப்ட்டங்க" என்று பொய் சொல்லியிருக்கிறேன். பொய்தான், ஆனால் அதைக் கேட்கவாவது ஒருவர் இருந்தார்.

அப்புறம் எங்களுக்குப் பதிலாக அழைப்பை எடுக்க மெஷின் வந்தது. ஒரு பெண் குரல், இனிமையான குரல். அதற்கு இருமல் வராது, எரிச்சல் வராது, அம்மா சாக மாட்டார். ஐந்து பேரை நிறுத்திவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மெஷினால் முடிக்க முடியாமல் போன அழைப்புகளின் பதிவுகளை நான் கேட்க வேண்டும். ஏன் முடியவில்லை என்று திரையில் ஒரு கட்டத்தை அழுத்த வேண்டும். நான் அழுத்துவதைப் பார்த்து மெஷின் தன்னைத் திருத்திக்கொள்ளும். அது முழுதாகத் திருந்திவிட்டால் எனக்கு வேலை இல்லை. தெரிந்தேதான் அழுத்தினேன். சம்பளம் வந்தது, போக வேறு இடமும் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு பதிவு வந்தது.

"வணக்கம். உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள்."

"சாப்ட்டியாம்மா?"

"மன்னிக்கவும், உங்கள் கேள்வி புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

அந்த மலைக்காரர்தான். அவர் மீண்டும் சொல்லவில்லை. கேட்டாகிவிட்டது, பதில் வரட்டும் என்று இருந்தார். காற்று அடித்தது, ஆடு கத்தியது. சில நொடிகளில் மெஷின் நன்றி சொல்லி வைத்துவிட்டது.

அடுத்த நாளும் அதே மாதிரி ஒரு பதிவு. அதற்கடுத்த நாளும். நான்காவது பதிவில், "இன்னாம்மா, கோவமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேசுவது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் போனைத் தள்ளிப் பிடித்துப் பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது லேசாகக் கேட்டது. "எடுக்குது, பேச மாட்டேங்குது. குச்சிக் கொல்ல பூரா வெள்ளப்பூச்சி ஏறிக்கினு கீது. யார்கிட்டப் போயி கேக்கறது?"

மாவுப்பூச்சி. காய்ந்த மாதத்தில் வந்தால் ஒரு செடியில் நிற்காது. நுனியை ஒடித்து எரிக்கச் சொல்லி அரை நிமிடத்தில் ஆரம்பித்துவிடலாம். ஆனால் கூப்பிட்டவரின் எண் என் திரையில் வராது, மறைத்துவிட்டார்கள். சென்னையில் இருந்த மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். என்னைவிடச் சின்னப் பெண், நல்ல பெண்தான்.

"சாப்ட்டியான்னு கேட்டா, சாப்ட்டேன், நீங்க சாப்ட்டீங்களான்னு அது சொல்லணும்மா. அவ்ளோதான். அவர் பேச ஆரம்பிச்சிடுவாரு."

"அக்கா, மெஷின் எப்படிக்கா சாப்பிடும்? சாப்ட்டேன்னு சொன்னா அது பொய் ஆயிடும். பொய் சொல்லக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"அப்ப அந்த நம்பரையாவது எனக்குக் குடு."

"அதுவும் ரூல்க்கா."

இத்தனை வருடம் அந்தப் பொய்யைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்களோ என்று வாய்வரை வந்தது; போனை வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வெள்ளிமலை பஸ் வந்து நின்றது. மலையில் இறங்கி யாரை விசாரிப்பது? "எடுத்தவுடனே சாப்ட்டியான்னு கேக்கறவர் வூடு எது?" என்று கேட்டால் ஊரில் இருக்கிற எல்லா வீட்டையும் காட்டுவார்கள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தார். நான் ஏறவில்லை. ஏறியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஒவ்வொரு ஊராக இறங்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? என் சோம்பலா, பயமா, தெரியவில்லை. அந்த நாளைப் பற்றி எனக்கு வெட்கம்தான்.

பத்து நாள் கழித்து அவர் குரல் மறுபடி வந்தது. நல்லபடியாக முடிந்த அழைப்புகளிலும் நாலைந்தைச் சரிபார்க்க எனக்கு அனுப்புவார்கள். அதில் ஒன்றாக வந்தது.

"வணக்கம். உங்கள் கேள்வியைச் சொல்லுங்கள்."

"மரவள்ளி. மாவுப்பூச்சி. மருந்து சொல்லுங்க."

யாரோ அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மெஷின் உடனே புரிந்துகொண்டது. எதை ஒடிக்க வேண்டும், எதைத் தெளிக்க வேண்டும், எத்தனை நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், எல்லாம் சரியாகச் சொன்னது. நான் சொல்வதைவிடத் தெளிவாகவே சொன்னது. பாதிக் கொல்லையாவது பிழைத்திருக்கும். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் காலி ஆபீசில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த ஐந்து நாற்காலிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, யாரோ என்னை விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றது மெஷின்.

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. அந்த 'சாப்ட்டியா'வை அவர் கேட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூட அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.