சங்கத்துக் களத்தின் ஒரே குவியல்

மைசூர் மார்க்கெட்டில் பச்சைக் கடலைக்காயின் மண்வாசம் அடித்தால் என் கால் தானாக நின்றுவிடும். ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்குவேன். உடனே ஹனூர் பக்கத்து எங்கள் விவசாயிகள் சங்கத்துக் களம் கண்முன் வந்துவிடும்.

எங்கள் ஊர்க்காரர் எல்லாருடைய காயும் அந்தச் சிமென்ட் களத்தில் ஒரே குவியலாகச் சேர்ந்து, எண்ணெய் ஆலைக்கு மொத்தமாகப் போகும். எல்லாருக்கும் ஒரே விலை. வெயில் குடித்துக் கதகதவென்று கிடக்கும் அந்த மேட்டில், பாவாடையெல்லாம் செம்மண்ணாக, நான் கண்மூடிப் படுத்திருப்பேன். காய்கள் சரிகிற சத்தம் எங்கோ பெய்யும் மழை போலிருக்கும். மூட்டையை அவிழ்க்குமுன் அம்மா ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பாள். பருப்பு உள்ளே கலகலக்கும்வரை காயாததை அவள் அங்கே கொட்டியதேயில்லை.

பிறகு ஒரு வியாபாரி வந்தான். நன்றாகக் காய்ந்த காய்க்கு மட்டும் வீட்டு வாசலிலேயே கூடுதல் விலை கொடுத்தான். நல்ல காயெல்லாம் அவனிடம் போக, களத்துக்கு ஈரக்காயே வந்தது. ஆலை விலையைக் குறைத்தது. வியாபாரி அம்மாவிடமும் காய் கேட்டான்.

"என்ற காயையும் உங்களுக்குப் போட்டுட்டா, அங்க வெறும் ஈரந்தானுங்க கெடக்கும்," என்றாள்.

குவியல் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் சங்கத்தையே மூடிவிட்டார்கள். அடுத்த அறுவடையில் அவனை விட்டால் எங்களுக்கு வேறு ஆளில்லை. அம்மா வழக்கம்போல ஒரு கை அள்ளி நீட்டினாள். அவன் குலுக்கிக்கூடப் பார்க்கவில்லை.

சங்கம் கொடுத்ததைவிடக் குறைவாக ஒரு விலை சொல்லிவிட்டு, "இனி எல்லாக் காய்க்கும் இதே வெலதானுங்க்கா," என்றான்.