ஆடியை மறைச்ச தேதி

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மார்கழி பொறந்து ரெண்டாம் நாள். எங்க ஊடு கும்மிடிப்பூண்டியில. மூணு நாளா மழை விடாம ஊத்திக்கினு இருந்துச்சி. நான் சிப்காட்டுல ஒரு கம்பெனி கேன்டீன்ல வேல செய்றேன், அன்னிக்கி எனக்கு லீவு. காலையில பத்து மணி இருக்கும், மாசமா இருந்த என் மருமக பாத்ரூம்லருந்து சுவத்தப் புடிச்சிக்கினு வந்தா. கீழ தண்ணி மாதிரி கசிஞ்சிக்கினே இருக்குது அத்தேன்னா. எப்பலருந்துடின்னா, நேத்து மத்தியானத்துலருந்தாம். தொட்டுப் பாத்தா ஒடம்பு கொதிக்குது. நேத்தே சொல்றதுக்கு இன்னாடி கேடுன்னு நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

என்னப் பத்தி நானே சொல்லிடறேன். என் வாய் கொஞ்சம் நீளம். புருஷன் போன பின்னால ஒண்டியா நின்னு ஒரே புள்ளைய ஆளாக்கினவ நான், அந்தத் திமிரும் உண்டு. வெச்சது தான் சட்டம்.

அந்த வருஷம் வைகாசியில தான் புள்ளைக்குக் கல்யாணம் பண்ணேன். அவனுக்குத் தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில வேல. பொண்ணு பொன்னேரி பக்கம், அவளும் கம்பெனிக்குப் போறவ. ஆடி பொறக்கறதுக்கு மொத நாளே சீர் வாங்கிக்கினு அவள அம்மா ஊட்டுக்கு அனுப்பிட்டேன். ஆடியில சேந்தா சித்திரையில கொழந்த பொறக்கும், குடும்பத்துக்கு ஆவாதுன்னு எங்க ஜனங்க சொல்லுவாங்க. என் மச்சினர் ஊட்ல சித்திரையில ஒரு கொழந்த பொறந்து, அதே வருஷம் அவருக்கு மெஷின்ல கை மாட்டி மூணு வெரல் போச்சி. அதுலருந்து எனக்கு அந்தப் பயம் மண்டையில ஏறி ஒக்காந்துக்கிச்சி. எங்க தெருவுல ஆடி முழுக்க மருமகள வாசப்படி மிதிக்க விடாதவ நான் ஒருத்தி தான்னு கேன்டீன்ல வேற பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சேன்.

அப்புறம் அவ மாசமானா. சந்தோஷத்துல நானே கூட்டிக்கினு போயி நர்ஸம்மா கிட்ட பேரு பதிஞ்சேன். கடைசியா தூரமான தேதி இன்னான்னு கேட்டாங்க. அவ ஆவணியில ஒரு தேதி சொன்னா. அட்டையில அத எழுதிக்கினாங்க. நான் அங்கியே வெரல் விட்டு எண்ணிப் பாத்தேன், வைகாசியில பொறக்கும், மனசு குளுந்துச்சி. மூணாம் மாச ஸ்கேனுக்கு லீவு தர மாட்டேங்கறாங்கன்னு சொல்லி அவ தள்ளிக்கினே வந்தா. எங்க காலத்துல எவ ஸ்கேன் எடுத்தான்னு நானும் உட்டுட்டேன்.

அன்னிக்கிக் காலையில ஆட்டோ புடிச்சி, பக்கத்துலயே இருக்கற ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்க ஒரு லேடி டாக்டர். ஸ்கேன் பண்ணிட்டு அந்தம்மா மூஞ்சி மாறிப்போச்சி. பனிக்குடம் ஒடஞ்சி தண்ணி சுத்தமா வத்திடுச்சி, உள்ள சீழ் புடிக்க ஆரம்பிச்சிருக்குது, கொழந்த பொழைக்காது, கருவ எடுத்தா தான் தாயக் காப்பாத்த முடியும், ஆனா அதுக்கு நெஞ்சு இன்னும் துடிக்குதுன்னாங்க. அதோட உட்டிருந்தா பரவால்ல. அட்டையப் பாத்தாங்க, ஸ்கேனப் பாத்தாங்க, மறுபடி அட்டையப் பாத்தாங்க. அட்டையில பதினேழு வாரம், ஸ்கேன்ல இருவத்திரெண்டு வாரம். தேதி சரியா சொல்லும்மான்னு மருமகளக் கேட்டாங்க. அவ என்னைப் பாத்தா. அப்புறம் அட்டையில இருக்கற தேதியவே சொன்னா.

எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துடுச்சி. உங்க மெஷினு தான் தப்புன்னு ஆரம்பிச்சேன். அதோட வாய மூடினேனா? இல்ல. அஞ்சி வாரம் முன்னாடின்னா ஆடி மாசம், ஆடியில இவ எங்க ஊட்லயே இல்ல, அம்மா ஊட்ல இருந்தா, என் புள்ள எங்கூட இருந்தான், நல்லா விசாரிச்சிப் பேசுங்கன்னு எகிறினேன். என் மருமகளுக்காகப் பேசறதா எனக்கு நெனப்பு.

டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க பேச்சே வேற மாதிரி ஆயிடுச்சி. இருவது வாரம் தாண்டிட்டா கருவ எடுக்க ரெண்டு டாக்டரு சேந்து எழுதணும், தேதி வேற இடிக்குது, குடும்பத்துல ஏதோ தகராறு இருக்கற மாதிரி தெரியுது, நாளைக்கு யாராவது கேஸுன்னு வந்தா நான் தான் பதில் சொல்லணும், புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும், இல்லன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்கன்னு சொல்லிட்டாங்க. என் புள்ளைக்கு போன் போட்டா எடுக்கல. அவன் கம்பெனியில உள்ள போவும்போது போனை லாக்கர்ல வெச்சிட்டுத் தான் போவணும். கேட்டுல இருக்கற செக்யூரிட்டி நம்பருக்குப் போட்டா, உள்ள மெஷின் லைன்ல வேலையா இருக்காரு, ஆள் அனுப்பறேன்னான். அரை மணி நேரமாச்சி, முக்கா மணி நேரமாச்சி. நான் ஒக்கார்றேன், எழுந்திருக்கறேன், வாசலுக்குப் போறேன், வரேன். அந்தப் பொண்ணுக்குப் பல்லு கிட்டுற அளவுக்குக் குளுரு நடுக்கம். கையில ட்ரிப்ஸ் ஏறுது, வேற ஒண்ணும் நடக்கல. கடைசியில அந்தம்மாவே நூத்தியெட்டுக்கு போன் போட்டு, திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. அவங்க பயம் அவங்களுக்கு, நான் பேசின பேச்சுல யாரா இருந்தாலும் பயந்திருப்பாங்க.

இப்ப சொல்லப் போறத நான் இதுவரைக்கும் யார் கிட்டயும் சொன்னதில்ல. ஆம்புலன்ஸ் கெளம்பி கவரப்பேட்டை தாண்டல, எனக்குள்ள ஒரு பேய் பூந்துடுச்சி. மெஷினு பொய் சொல்லாதே. அப்ப ஆடியில இவ வயித்துல எப்படி வந்துச்சி? என் புள்ள இங்க, இவ அங்க. மனசு போவாத எடம் இல்ல. அவ கம்பெனி வேன் டிரைவர் வரைக்கும் யோசிச்சிட்டேன்னா பாருங்க. எதிர்ல ஒரு பொண்ணு உயிருக்குப் போராடிக்கினு படுத்திருக்கா, நான் கணக்குப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கேன். வெளிய மழை, ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி, வண்டி நவுர மாட்டேங்குது. ஜனப்பன்சத்திரம் கூட்ரோடுல திரும்பி, பெரியபாளையம் கோயிலாண்ட வந்துட்டோம். ஆடியானா நான் வேப்பஞ்சேலை கட்டிக்கினு சுத்தி வர்ற கோயில் அது. எப்பவும் அந்தப் பக்கம் போனா கையெடுத்துக் கும்புடறவ, அன்னிக்கி கும்புடல. அவ பக்கம் குனிஞ்சி காதாண்ட கேட்டேன்.

"ஆடியில யாருடி?"

கண்ணத் தொறந்து பாத்தா. ஜுரத்துல ஒதடு வெடிச்சிக் கெடக்குது. மொதல்ல நான் கேட்டது இன்னான்னே அவளுக்குப் புரியல. புரிஞ்சதும் அவ அழல, கோவப்படல, அது தான் எனக்கு இன்னும் தாங்கல.

"உங்க புள்ள தான் அத்தே. ஓ.டி. இருக்குதுன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழம எங்க ஊட்டுக்கு வந்தாரு. நீங்க திட்டுவீங்கன்னு தான், ஆனிக் கடைசியில தூரமானத ஆவணின்னு மாத்திச் சொன்னேன். அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

நிஜத்த சொல்றேன், அதக் கேட்டதும் எனக்கு மொதல்ல வந்தது நிம்மதி தான். அப்பாடா, நம்ம புள்ளது தான்னு. அடுத்த நிமிஷமே சீன்னு போச்சி. அவ ஸ்கேனுக்குப் போவாம தள்ளினது, நேத்து தண்ணி போனதுமே சொல்லாதது, எல்லாம் ஒவ்வொண்ணா வந்து மூஞ்சில அறைஞ்சிச்சி. ஆஸ்பத்திரிக்குப் போனா தேதி தெரிஞ்சிடும்னு ஒரு ராத்திரி முழுக்க அவ படுத்தே இருந்திருக்கா.

திருவள்ளூர்ல எறங்கும்போது அவளுக்கு நெனவு வந்து வந்து போவுது. ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடினேன். அங்க இருந்த டாக்டரம்மா எதுவும் கேக்கறதுக்கு முன்னாலயே நான் கொட்டிட்டேன். அட்டையில இருக்கறது பொய் தேதிம்மா, ஆனி மாசக் கடைசியில தான் அவ தூரமானா, என் மேல இருந்த பயத்துல மாத்திச் சொல்லிட்டா, இருவத்திரெண்டு வாரம் தான், நீங்களும் திருப்பி அனுப்பிடாதீங்க, எந்தக் கோர்ட்டுக்கு வேணா நான் வரேன்னு கையப் புடிச்சிக்கினேன். அந்தம்மா கைய உருவிக்கினு, அவ நாடிய புடிச்சிப் பாத்துக்கினே பேசினாங்க.

"வாரக்கணக்கெல்லாம் மத்த நேரத்துக்கும்மா. தாயோட உயிருக்கு ஆபத்துன்னா எத்தன வாரம்னு சட்டம் கேக்காது. நான் ஒரு டாக்டர் எழுதினா போதும்."

புருஷன் இன்னும் வரல, நான் கையெழுத்துப் போடறேன்னு பேனாவுக்குக் கைய நீட்டினேன். அவ வயசுக்கு வந்த பொண்ணு, அவ கையெழுத்து தான் வேணும், உங்களுதும் வேணாம் உங்க புள்ளதும் வேணாம்னு சொல்லிட்டு, என்னைத் தாண்டிப் போயி அவ காதுல மெதுவா எல்லாத்தையும் வெளக்கிச் சொன்னாங்க. சம்மதமான்னு கேட்டாங்க. அவ தலைய ஆட்டினா. நர்ஸு கையத் தாங்கிப் புடிக்க, கோணல்மாணலா பேரு எழுதினா. கல்யாணம் ஆன நாள்லருந்து எங்க ஊட்ல அவ கிட்ட சம்மதமான்னு யாரும் ஒரு வார்த்த கேட்டதில்லன்னு அப்ப தான் ஒறைச்சிச்சி.

கதவ மூடிட்டாங்க. மூணு மணிக்கு மேல என் புள்ள நனஞ்சிக்கினு ஓடி வந்தான். அவனப் பாத்தா பளார்னு ஒண்ணு குடுக்கணும்னு தோணுச்சி, ஏன்டா மறைச்சன்னு கேக்கவும் தோணுச்சி. யார் கிட்ட போயி அவன் சொல்லுவான்? ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில ஒக்காந்திருந்தோம். ரத்தம் வேணும்னாங்க, அவன் போயி குடுத்தான். இன்னும் ரெண்டு மணி நேரம் உட்டிருந்தா விஷம் ஒடம்பு முழுக்கப் பரவி கையை மீறிப் போயிருக்கும்னு சாயங்காலம் டாக்டரம்மா சொன்னாங்க. கொழந்தையப் பாக்கறீங்களான்னு கேட்டாங்க. என் புள்ள போயி பாத்தான். நான் பெஞ்சிலயே ஒக்காந்துக்கினேன்.

மூணு நாள் அவ ஐ.சி.யூ.வுல இருந்தா. வார்டுக்கு வந்த பின்னால டாக்டரம்மா என்னை ஒக்கார வெச்சி சொல்லிக் குடுத்தாங்க. மாசக்கணக்குன்றது நாம நெனைக்கற நாள்லருந்து இல்ல, கடைசியா தூரமான நாள்லருந்து. மொத மூணு மாசத்துல எடுக்கற ஸ்கேனு தான் அதச் சரி பாக்கும். எந்த வாரத்துல எந்த டெஸ்ட்டு, எந்த வாரம் வரைக்கும் கருவ எடுக்கலாம், எல்லாமே அந்த ஒரு தேதியில தான் நிக்குதுன்னாங்க. முன்னாடியே ஸ்கேன் பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்குமான்னு கேட்டேன். தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம்னாங்க. தெரிஞ்சிருக்கும்னே அடிச்சிச் சொல்லியிருந்தா, தலையில அடிச்சிக்கினு அழுது தீத்திருப்பேன். இது அப்படியும் இல்லாம இப்படியும் இல்லாம உள்ளயே கெடந்து அரிக்குது.

ஊட்டுக்கு வந்ததும் தெருவுல நாலு பேரு வந்து எத்தன மாசம், எப்ப உண்டாச்சின்னு நோண்டினாங்க. ஆடியில தான் உண்டாச்சி, அதுக்கு இன்னா இப்பன்னேன். நாலு பேரும் கெளம்பிப் போயிட்டாங்க. அவ உள்ள படுத்திருந்தா, கேட்டிருப்பா. அன்னிக்கி சாயங்காலம் எனக்கும் சேத்து டீ போடச் சொல்லி புள்ள கிட்ட சொல்லி அனுப்பினா. அவ கிட்ட நான் வாயத் தொறந்து மன்னிப்பு கேட்டேன், அந்த ஆம்புலன்ஸ் கேள்விக்கும் சேத்து. அதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்ல அத்தேன்னு சொல்லிட்டா. ஞாபகம் இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

இப்ப எங்க ஊட்ல ஆடி வந்தா யாரும் எங்கயும் போறதில்ல. அவ நல்லா இருக்கா, வேலைக்குப் போறா, என்னோட சிரிச்சிப் பேசறா. ஆனா எதையாவது அவ எங்கிட்ட சொல்ல வந்து அர செகண்டு நிறுத்தினா போதும், கையில இருக்கற வேலய வெச்சிட்டு, சொல்லும்மான்னு அவ பக்கத்துல ஒக்காந்துடுவேன். நூத்திமூணு ஜுரத்துல, உயிரு போவுதுன்னு தெரிஞ்சும், அந்த டாக்டரு முன்னால அவ என் மூஞ்சியப் பாத்துட்டு தான் பொய்ய சொன்னா. சாவ விட என் வாய்க்கு ஒரு பொண்ணு அதிகமா பயந்திருக்கான்னு நெனச்சா, இன்னிக்கும் எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது.