சின்னப்பிள்ளையின் பானையில் ஒரு விரால்

உறுவையாற்று ஏரித் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். கொஞ்சம் மிகைதான், சளி பிடித்தால் சொல்ல முடியாது. ஆனால் மடைக்காரர் சின்னப்பிள்ளைக்கு அப்படியொரு மூக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

பிரெஞ்சுக்காரர் காலம். செல்லிப்பட்டுக்கு மேலே ஆற்றோரம் யாரோ சாயப்பட்டறை போட்டிருந்தார்கள். ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் சில நாள் பளிங்காக ஓடும். சில நாள் சாயக்கழிவு கலந்து, லேசில் மூக்குக்கு எட்டாத ஊமை நாற்றத்தோடு வரும். எந்த நாள் எதுவென்று யாருக்கும் தெரியாது. அதிகாரி ஒருவர் வந்த அன்று பளிங்கு. நல்ல தண்ணீர் என்று கையெழுத்திட்டுப் போனார். மடையைத் திறந்தால் அது ஏரிக்குள் போகும். ஊர் குடிப்பதும் அதைத்தான், நெல் குடிப்பதும் அதைத்தான். மூடினால் கதிர் கருகும்.

சின்னப்பிள்ளை ஒரு வழி கண்டார். வாய்க்கால் தண்ணீரைப் பானையில் மொண்டு, அதில் ஒரு விராலை விடுவார். வெற்றிலை மென்று துப்பும்வரை மீன் நீந்தினால் மடைப்பலகையைத் தூக்குவார்.

“இன்னா பெருசு, ஊரத் தூக்கி மீனு கைல குடுத்துட்ட,” என்றார் நிலக்காரர் சுப்புராயன்.

“மீனுக்குக் கை இல்லீங்களே மொதலாளி. பொய்க் கையெழுத்து போடாது.”

ஒரு காலையில் விரால் நன்றாகத்தான் நீந்தியது. மடை திறந்தது. பொழுது சாய்வதற்குள் அவர் வீட்டுப் பசு ஏரிக்கரையில் நுரைதள்ளிச் சரிந்தது, பின்னாலேயே கன்றும். தண்ணீர் மொள்ளக் கரையிறங்கிய அவர் மனைவி வள்ளியம்மாள் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இவள் சற்று முந்தி வந்திருந்தால் என்ற நினைப்பு அவரைக் கடைசிவரை விடவில்லை.

பானையில் விரால் உயிரோடுதான் இருந்தது. சற்றைக்கொருதரம் மேலே வந்து, ‘ளபக்’கென்று காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சேற்றிலும் வெளிக்காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன். தண்ணீரைப் பற்றி அது என்ன சாட்சி சொல்லும்?

பானையை உடைத்தார். சத்தம் போகவில்லை. உலை கொதிக்கையில் ளபக். வள்ளியம்மாள் தண்ணீர் விழுங்குகையில் ளபக். பேச வாயெடுத்தால் தம் தொண்டையிலேயே ளபக்.

அன்றே மடைப்பலகைக்கு ஆணியடித்தார், சாகும்வரை அதைத் தொடவேயில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில், பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மகள் ருக்குமணி முறத்தைக் கீழே வைத்தாள்.

“தொடாம இன்னாக்கா? கதிரு கருகறதா? தெனம் தொறந்தாரு. வெராலுக்குப் பதிலா கெண்டைய வுடுவாரு. கெண்ட பொழச்சாலும் நம்ப மாட்டாரு. மொதச் சொம்ப அவரே குடிச்சிட்டுக் கரையில குந்திக்குவாரு. வெயிலு ஏறுற வரிக்கும் நாங்க கொடத்த வச்சிக்கினு அவரு மூஞ்சியவே பாத்துக்கினு நிப்போம்.”