பஸ் நின்றது, நான் ஏறவில்லை

இன்று காலை ஆரையம்பதியிலிருந்து களுதாவளைப் பிள்ளையார் கோயில் வரை ஓடினேன். இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆறு மாதத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கேற்றிலிருந்து சந்திவரை ஓடவே மூச்சு வாங்கியவள் நான்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் நாலு கிலோமீற்றர் இருக்கும்போது கால் இரண்டும் இறுகிவிட்டன. அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கை காட்டுமுன்பே கல்முனை பஸ் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ரோட்டில் ஓடினால், பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறாள் என்று அர்த்தம்.

"ஏறுங்க அக்கா, உங்களக் கண்டுதான் நிப்பாட்டினது," என்றார் கொண்டக்டர்.

ஜன்னல் முழுக்கத் தலைகள். வெட்கத்தில் வாய் தானாகவே பேசியது.

"இல்ல தம்பி, நான் பஸ்ஸுக்கு ஓடல்ல. மரதன் ஓட்டத்துக்குப் பழகுறன்."

வீட்டில்கூட இதுவரை சொன்னதில்லை. அவ்வளவு பேர் கேட்கச் சொன்னபிறகு எந்த முகத்தோடு ஏறுவது? பஸ் போனது. மிச்சத்தையும் ஓடி முடித்தேன்.

கோயிலடியில் நன்றாக இளைப்பாறிவிட்டு வீட்டுக்குத் திரும்ப ஏறினால், கல்முனை போய் வந்த அதே பஸ், அதே கொண்டக்டர்.

"மரதன் ஓடுற அக்கா இவதான், கொஞ்சம் இடம் விடுங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, மதகுருமாருக்கென்று எழுதிய முன் சீற்றில் என்னை இருத்தினார்.

ஆரையம்பதி வரை நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தேன். வழியில் ஒரு சுவாமி ஏறியிருந்தால் எழும்பியிருப்பேனா என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.