சவாகோவின் ஆள்காட்டி விரல்

கட்லெட்டை எண்ணெயில் திருப்பிப் போட்டுவிட்டு, சவாகோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொள்கிறார். செருப்பை உதறிவிட்டுக் கடைக்குப் பின்னாலுள்ள அறைக்குள் போகிறார். அங்கே கணவர் தெய்ஜி பழைய எலக்ட்ரானிக் ஆர்கனில் கடைசி வரியை வாசித்துக்கொண்டிருக்கிறார். வரி முடிந்ததும் சவாகோவின் ஆள்காட்டி விரல் இடது கோடியிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குகிறது. தாளம் நிற்கிறது. திரும்பி வந்தால் கட்லெட் பதமாகச் சிவந்திருக்கும். ஜப்பானின் நுமாஸு ஊர்க் கடைத்தெருவில் இது பழகிப்போன விஷயம். "போய் நிறுத்திட்டு வாங்கம்மா, நான் கடையப் பாத்துக்கறேன்" என்று வாங்க வந்தவர்களே சொல்வார்கள்.

ஆர்கன் மகளுக்காக வாங்கியது. அவள் கல்யாணமாகி ஒசாகா போன பிறகு அதன்மேல் லேஸ் துணியும் பொம்மைகளும் குடியேறின. தபால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தெய்ஜி ஒருநாள் பொம்மைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். இடது விரலை ஒரு கட்டையில் வைத்தால் போதும், டிரம்ஸும் கிடாரும் ஆளில்லாமலே கூட வாசிக்கும். விரலை எடுத்தாலும் விடாது. தொடங்குவது சுலபம், நிறுத்துவதுதான் தெய்ஜிக்கு வராது. பதற்றத்தில் கை பக்கத்துப் பொத்தானில் விழும். நிதானமான வால்ட்ஸ் தாளம் துள்ளாட்டம் போடும் சாம்பாவாகிவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

"ஆரம்பிக்கிறது அவரு, முடிக்கிறது நானு. சண்டையும் அப்படித்தான்" என்பார் சவாகோ.

சவாகோவுக்கு ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொள்ளேன் என்று மகள் சொன்னால், எனக்கு ஒரு பொத்தானே போதும் என்று விடுவார். ஆனால் தாளம் இல்லாமல் அவருக்கு உருளைக்கிழங்கு மசியாது. சாயங்காலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏங்க, பட்டாளத்து மார்ச் போடுங்க. இந்த வால்ட்ஸ வச்சிக்கிட்டு ஒரு கிழங்கும் மசியல." ஒவ்வொரு சட்டியிலும் முதல் கட்லெட்டை நின்றபடியே தின்றுவிடுவார். உப்புப் பார்க்கிறாராம்.

போன வருஷம் முதியோர் தினத்தன்று எதிர்ச்சாரி மன்றத்துக்கு ஆர்கனைத் தூக்கிப்போய் தெய்ஜியை வாசிக்க வைத்தார்கள். விழாவுக்கான கட்லெட் பொரிப்பதில் சவாகோ மாட்டிக்கொண்டார். வால்ட்ஸ் அழகாக முடிந்து, சாம்பா கிளம்பியது. மன்றமே சிரித்தது; தலை நிமிராமல் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்த தெய்ஜியின் காதில் சிரிப்பு மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து மூடியைச் சாத்திய மனிதர் குளிர்காலம் வரை திறக்கவில்லை. பின்னறை ஊமையாகக் கிடந்த அந்த நாட்களில் சவாகோ மசித்த கிழங்கெல்லாம் கட்டி கட்டியாகவே இருந்தது.

இந்த வருஷமும் கூப்பிட்டார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் வருகிறேன், இன்னொரு தடவை என்னால் அவமானப்பட முடியாது என்றார் தெய்ஜி. சவாகோ கட்லெட்டைக் காலையிலேயே பொரித்து அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார். மேடையில் கணவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, வாசிப்பு முழுக்க விரலைத் தயாராக நீட்டியபடியே இருந்தார்.

வால்ட்ஸ் முடிந்தது. விரல் இறங்கியது. கத்தரித்தாற்போல் நின்றது தாளம். தெய்ஜி மூச்சு விட்டார்.

எல்லோரும் எழுந்து நின்று மரியாதையாகக் கைதட்டி ஓய்ந்தார்கள். யாரும் உட்காரவில்லை. முன்வரிசையில் மீன்கடை ஒகித்தா அம்மாள் ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பில் கைகொடுத்தபடி நின்றிருந்தார்.

"என்ன தெய்ஜி, அவ்ளோதானா?" என்றார் அவர். "போன வருஷம் கடைசியில எல்லாரும் ஆடினமே, அந்த சாம்பா எங்க? அதுக்காகத்தானே முட்டிக்கு மருந்து தடவிட்டு வந்திருக்கேன்."

பின்னால் நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

தெய்ஜிக்குக் காதுமடல் சிவந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த சிரிப்பு எதற்கான சிரிப்பு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சவாகோவுக்கும்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தெய்ஜி இடது விரலைக் கட்டையில் வைத்தார். வலது கையால், எண்ணெய் வாசம் போகாத மனைவியின் விரலைப் பிடித்து சாம்பா பொத்தானின் மேல் வைத்து அழுத்தினார்.